கடதாசியோடை வந்த சிங்கிறால்

மருமோன்,

நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை மூண்டுதரம் கேட்டனான். முதல்தரம் எனக்குக் காது கேக்கேல்லை. ரெண்டாந்தரம் உன்ரை தமிழ் விளங்கேல்லை. மூண்டாந்தரம் குசினிக்குள்ளை நிண்ட மாமி, ‘இவனுக்கென்ன விசரே?’ எண்டு கேட்டாப்போலதான் விஷயம் முழுக்க விளங்கினது. லண்டனிலை உங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஓடுற கால்வாய்க்குள்ளை ‘க்ரேஃபிஷ்’ எண்டு ஒரு சாமான் நிரம்பிக் கிடக்கு. பேரிலை மீன். படத்திலை பாத்தால் எங்கடை சிங்கிறாலின்ரை கடைசித் தம்பி. நீ ஒன்லைனிலை ஒரு கூடும் வேண்டிப்போட்டாய். பூநகரிக் கடலிலை கூடு வைச்ச மாமன் ஒருத்தன் வெள்ளவத்தையிலை சும்மா குந்திக்கொண்டிருக்கிறான்தானே, உள்ளுக்கு என்ன இரை வைக்கிறதெண்டு அவனிட்டைக் கேப்பம் எண்டு நினைச்சிருக்கிறாய்.

இரை பேந்து. முதல்லை கடதாசி எங்கை?

நீ சிரிக்கிறது இஞ்சை கேக்குது. ‘மாமா, அது இல்லாமல் போகவேணும் எண்டு கவுண்மென்றே விரும்புற சாமான், அதைப் பிடிக்கிறதுக்கு ஏன் கடதாசி?’ எண்டு கேக்கிறாய். கொப்பரும் இப்பிடித்தான். யோசனை நேராப் போகும், ஆள்தான் எங்கையாவது போய் முட்டுவார். இங்கிலாந்திலை அந்தச் சாமானுக்கு ஒரு கூடு வைக்கிறதெண்டாலும் என்வயர்மென்ட் ஏஜென்சியிட்டை எழுத்திலை அனுமதி எடுக்கவேணும். எடுக்காமல் வைச்சால் குற்றம். றால் கெட்ட றால் எண்டதுக்காக உன்ரை கூடு நல்ல கூடு ஆகாது.

இதையெல்லாம் வெள்ளவத்தைக் கிழவன் எப்பிடி அறிஞ்சான் எண்டு கேக்காதை. கால் ஏலாதவனுக்கு போன்தானே சைக்கிள். உன்ரை மெசேஜ் வந்த நாள் தொடங்கி ராத்திரி ரெண்டு மணிமட்டும் இங்கிலாந்துத் தண்ணிக்குள்ளைதான் நிக்கிறன்.

எனக்கும் அனுமதி கேட்ட அனுபவம் ஒண்டிருக்கு. நீ கேக்காட்டியும் சொல்லுவன்.

எங்கடை கால்வாய் ஞாபகமிருக்கே? சின்னனிலை வந்தநேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தாயே, அதுதான். விடியக்காலமை நடக்கப் போகேக்கை அந்தப் பாலத்திலை ஒருக்கால் நிப்பன். தண்ணிக்குமேலை ஆகாயத்தாமரை, அதுக்குமேலை சோடாப் போத்தல், போத்தலுக்குமேலை கொக்கு. கரையிலை கபரகொய்யா ஒண்டு பென்சன்காரர் மாதிரி வெயில் காஞ்சுகொண்டிருக்கும். போன வருசம் ஒருநாள் குனிஞ்சு பாத்தால், கல்லோடை கல்லா ஒட்டிக்கொண்டு கறுப்பா ஒரு உருப்படி. முழங்கை நீளம். தகரம் வெட்டி அடிச்ச மாதிரி உடம்பு, வாய் கீழ்ப்பக்கம். டாங்க் கிளீனர்.

தென்னமெரிக்காச் சாமான். கண்ணாடித் தொட்டியிலை பாசி தின்னும் எண்டு விரல் நீளத்திலை வேண்டிக்கொண்டு வருவினம். அது பாசியையும் தின்னும், போடுறதையும் தின்னும், ரெண்டு வருசத்திலை தொட்டிக்குள்ளை திரும்ப இடமில்லாமல் வளரும். பேந்து ஒருநாள் பொழுதுபட, பொலித்தீன் பையோடை அப்பாவும் பிள்ளையும் கால்வாய்ப் பக்கம் உலாத்த வருவினம். திரும்பிப் போகேக்கை பை வெறுமன். பிள்ளை கையாட்டும். பாவம் பாத்து விடுற மீன்தான். ஆனால் ஆத்திலை வலை போடுறவனைக் கேட்டுப்பார். அந்த முள்ளுச் செட்டை மாட்டினால் மீனைக் கழட்டேலாது, வலையைத்தான் வெட்டவேணும். கறிக்கும் ஆரும் எடுக்காயினம்.

எனக்குக் கை சொறிஞ்சுது. ரெண்டு கூடு கட்டி வைச்சால் கிழமைக்குப் பத்துப் பதினைஞ்சை எடுக்கலாம் எண்டு மனக்கணக்குப் போட்டன். களங்கண்டி அடைச்ச பரம்பரையடா நாங்கள். ஆனால் ஆரிட்டைக் கேக்கிறது? கால்வாயைத் தூர்வாருறது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். மீனெண்டால் கடற்றொழில் திணைக்களம், 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கச் சட்டம். நன்னீர் மீன் வளர்ப்பெண்டால் நக்டா எண்ட அதிகாரசபை. முதலையெண்டால் வனசீவராசிகள் திணைக்களம். முதலை எண்டது பகிடிக்கில்லை. 2022 தையிலை தெகிவளைக் கடலிலை இறங்கின மனுசன் ஒருத்தரை முதலை கொண்டுபோட்டுது, அண்டையிலையிருந்து நான் பாலத்திலை நிக்கேக்கையும் காலை உள்ளுக்கு எடுத்துத்தான் நிக்கிறனான். குப்பை மாநகரசபைக்கு. இப்பிடி எல்லாத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கினம். மணம் மட்டும் எங்களுக்கு.

ஒல்லாந்தன் இந்த நாட்டிலை கால்வாய் வெட்டினவன், போகேக்கை ‘கந்தோர்’ எண்ட சொல்லையும் விட்டிட்டுப் போனவன். ரெண்டும் இண்டைக்கும் ஒரே வேகத்திலைதான் ஓடுது. நான் போன கந்தோர் எது எண்டு சொல்லமாட்டன், அங்கையிருந்த பெடியன் நல்ல பெடியன், அவன்ரை சோத்திலை மண் விழக்கூடாது. கதை மட்டும் கேள்.

‘என்ன மீன் ஐயா?’

‘டாங்க் கிளீனர்.’

‘அது அலங்கார மீன். மேல் மாடி.’

முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு மேல் மாடி ஏறினன்.

‘தொட்டிக்குள்ளையோ, வெளியிலையோ?’

‘வெளியிலை. கால்வாய்க்குள்ளை.’

‘வெளியிலை எண்டால் கீழ் மாடி.’

இறங்கினன். முதல் பெடியன் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவன், எனக்கும் ஒண்டு எடுப்பிச்சான்.

‘பிடிச்சு விக்கப் போறியளோ?’

‘ஆர் வேண்டுறது?’

‘சாப்பிடவோ?’

‘ஆர் தின்னுறது?’

‘அப்ப ஏன் ஐயா பிடிக்கிறியள்?’

மருமோன், அந்தக் கேள்விக்கு இண்டைக்கும் என்னட்டை மறுமொழியில்லை. விக்கிறவனுக்கு ஒரு போம் இருக்கும், தின்னுறவனுக்கு ஒரு போம் இருக்கும், வளர்க்கிறவனுக்குக் கட்டாயம் இருக்கும். சும்மா எடுத்து எறியிறதுக்கு ஒருத்தன் வருவான் எண்டு போம் அடிச்சவனுக்குத் தோன்றேல்லை. கடைசியிலை அவன் குரலைத் தாழ்த்தி, ‘ஐயா, போய்ப் பிடியுங்கோ. உங்களை ஆரும் பிடிக்கமாட்டினம்’ எண்டான்.

அந்தச் சொல்லுத்தான் எனக்குப் பயம். இந்தக் கொழும்பிலை கடதாசியெண்டால் என்னெண்டு நான் படிச்ச பள்ளிக்கூடம் வேறை. சண்டைக் காலத்திலை வெள்ளவத்தையிலையும் கொட்டாஞ்சேனையிலையும் ஆர் வீட்டிலை ஆர் வந்து தங்கினாலும் பொலிஸ் பதிவுத் துண்டு வேணும். சேட்டுப் பொக்கற்றிலை காசில்லாட்டியும் துண்டு இருக்கும். 2007 ஆனி 7ஆம் திகதி, லொட்ஜுகளிலை தங்கி நிண்ட எங்கடை சனம் முன்னூறு பேருக்கு மேலை பஸ்ஸிலை ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பிப்போட்டினம். உயர் நீதிமன்றம் தடை போட்டாப்போலதான் நிண்டது. அதைக் கண்ட கிழவனை, பொழுதுபட்ட நேரம் கம்பிக் கூட்டோடை கால்வாய்ப் பாலத்துக்குக் கீழை போய்க் குந்து, ஆரும் பிடிக்கமாட்டினம் எண்டால் நான் நம்புவனோ? கட்டின கூட்டிலை மாமி இப்ப வெங்காயம் காயவைக்கிறா.

உனக்கு அந்த வில்லங்கம் இல்லை. உங்கை கேட்டால் ஓம் எண்டோ இல்லை எண்டோ எழுதித் தருவினம். நாலைஞ்சு கிழமை போகட்டும், என்ன அவசரம்? றால் எங்கையும் ஓடாது, அதுதானே பிரச்சினை. போமை நிரப்பு, ஆனால் கொப்பர் மாதிரி நிரப்பாதை. கொப்பர் அகதி விண்ணப்பத்திலை தொழில் எண்ட இடத்திலை ‘விவசாயம், வியாபாரம், நாடகம்’ எண்டு எழுதினவர். நாடகத்தைப் பற்றி மட்டும் ரெண்டு மணித்தியாலம் விசாரிச்சவங்களாம்.

தண்ணி ஆற்றை எண்டு பார். வீட்டுக்குப் பின்னாலை ஓடுது எண்டதுக்காக அது உன்ரை தண்ணியில்லை. கரைக்காரன் ஆரோ, கால்வாய்க்காரன் ஆரோ, அவையளின்ரை சம்மதமும் வேணும். பக்கத்துக் காணிப் பனையிலையிருந்து விழுந்த பனங்காயைப் பொறுக்கினதுக்கு யாழ்ப்பாணத்திலை மூண்டு தலைமுறை கோட்டுக்குப் போனது. நீ அந்தச் சனத்திலை பிறந்தனி, உனக்கு விளங்கும்.

பேந்து கூட்டின்ரை அளவு. நீளம் 600 மில்லிமீற்றருக்கு மேலை போகக்கூடாது, அகலம் 350. வலைக்கண் 30க்கு மேலை வேண்டாம். வாய் 95 மில்லிமீற்றர், அதுக்கு மேலை ஒரு மயிரிழையும் கூடாது. இதென்ன சம்பந்தம் பேசுற வீட்டிலை சாதகம் பாக்கிற மாதிரி எண்டு நினைப்பாய். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனால் வாய் அகலமாயிருந்தால் நீர்நாய் தலையை விடும். மணத்துக்கு உள்ளுக்குப் போகும், திரும்பி வரத் தெரியாது, மூச்சுக்கு மேலை வரேலாது, தாண்டுபோகும். காலமை நீ றாலுக்குப் போய்க் கூட்டைத் தூக்கினால் உள்ளுக்கு நீர்நாய்ச் சவம். எங்கடை கொழும்புச் சதுப்பு நிலத்திலையும் நீர்நாய் நிக்குது தெரியுமோ? உங்கடையும் எங்கடையும் ஒரே சாதி. 2018இலை கொழும்பைச் சதுப்பு நில நகரம் எண்டு உலகப் பட்டியலிலை சேர்த்ததுக்கு, கண்ணுக்குத் தெரியாமல் திரியிற அந்தச் சீவன்களுக்கும் பங்கிருக்கு. எங்களுக்குத் தெரிஞ்சது பட்டியல் மட்டும்.

அனுமதி கிடைச்சால் ஒவ்வொரு கூட்டுக்கும் கட்டச்சொல்லி அடையாளத் துண்டு தருவினம். மாட்டுக்குக் குறி சுடுற மாதிரி. கட்டு. நாளுக்கு ஒருக்காலெண்டாலும் கூட்டைத் தூக்கிப் பார். வெள்ளிக்கிழமை வைச்சுப்போட்டு விரதம், பிறந்தநாள், ஈஸ்ற்ஹாம் கலியாணம் எண்டு திரிஞ்சு திங்கக்கிழமை போய்ப் பாக்கிற அலுவலெண்டால் இப்பவே கூட்டை மாமிக்கு அனுப்பு, இஞ்சை வெங்காயம் கனக்க.

இனித்தான் முக்கியமான இடம். உங்கடை நாட்டிலை சுதேசி றால் ஒண்டும் இருக்கு. வெள்ளைக் கால் றால் எண்டு சொல்லலாம், கவ்விற காலின்ரை அடிப்பக்கம் வெளிறியிருக்கும். அனுமதியில்லாமல் அதைப் பிடிச்சால் குற்றம். நீ பிடிக்க நினைக்கிறது அமெரிக்கன். ‘சிக்னல்’ எண்டு பேர். கவ்விற காலின்ரை மூட்டிலை வெள்ளைப் பொட்டு, அடிப்பக்கம் சிவப்பு. ரயில்வேக்காரன் கொடி காட்டுற மாதிரி இருக்கிறபடியால் அந்தப் பேராம். அது கரையிலை வளை தோண்டித் தோண்டி மண்ணை விழுத்தும். அதை விடக் கொடுமை, அதின்ரை உடம்பிலை பூஞ்சணம் மாதிரியான ஒரு நோய் குடியிருக்கு. அமெரிக்கனுக்கு ஒண்டும் செய்யாது, சுதேசி றாலைக் கூட்டத்தோடை கொண்டுபோடும். அந்த நோய் ஈரச் சப்பாத்திலையும் வரும், ஈரக் கூட்டிலையும் வரும். உன்ரை கூட்டை ஒரு தண்ணியிலை தாட்டு, காயவைக்காமல் அடுத்த தண்ணியிலை தாட்டினால் றாலைப் பிடிக்கப் போனவன் நோயைப் பரப்பினவன். பிடிச்ச அமெரிக்கனைத் திரும்ப விடவும் கூடாது, உயிரோடை வீட்டுக்குக் கொண்டு போகவும் கூடாது. அங்கையே அலுவலை முடி. வதைக்காமல் முடி. 2022இலை உங்கடை பாராளுமன்றம் நண்டு, றாலுக்கும் நோ தெரியும் எண்டு சட்டத்திலை எழுதிப்போட்டுது. எங்கடை மனுசருக்கு நோ தெரியும் எண்டு எந்தச் சட்டத்திலை எழுதிக் கிடக்கு எண்டு நான் தேடிக்கொண்டிருக்கிறன்.

நோக்கம் எண்டு ஒரு பெட்டி வரும். அதுக்குள்ளை ‘ஆற்றைக் காப்பாத்துறதுக்கு’ எண்டு எழுதாதை, படிக்கிறவன் சிரிப்பான். ‘சாப்பிடுறதுக்கு’ எண்டு எழுது. சாப்பாட்டுக்கெண்டு சொல்லுறவனைத்தான் உலகத்திலை எல்லாக் கந்தோரும் நம்பும்.

ஏனெண்டால், நீ ஒரு கூட்டாலை ஆற்றைக் காப்பாத்தமாட்டாய். கூட்டுக்குள்ளை ஏறுறது பெரும்பாலும் பெரிய கடுவன். குஞ்சு குருமன் கண்ணுக்குள்ளாலை போய்விடும். பெரிசுகள் சின்னனுகளைத் தின்னுற சாதி வேறை. நீ பெரிசுகளை எடுத்தால் சின்னனுகளுக்குக் கொண்டாட்டம். எங்கடை ஊர்க் கோயில்ச் சபையிலை ரெண்டு கிழட்டுத் தலையளை வெட்டிவிட்டம், பழைய ஊழல் ஒழிஞ்சுது எண்டு பொங்கிச் சாப்பிட்டம். அடுத்த திருவிழாவுக்கு இருபத்திமூண்டு பேர் ஆளுக்கொரு ரசீதுப் புத்தகத்தோடை வந்தாங்கள். அப்பிடித்தான்.

இவ்வளவும் சொன்னது கூடு வைக்கிறவனுக்கு. இந்த அமெரிக்கனை உங்கை கொண்டுவந்தது ஆர் எண்டு கேட்டியோ? வெள்ளத்திலை வரேல்லை, கப்பலிலை ஒளிச்சும் வரேல்லை. 1976 வாக்கிலை, வளர்த்து சுவீடன் பக்கம் விக்கலாம், கமக்காரருக்கு வரும்படி எண்டு, கவுண்மென்றின்ரை ஆசீர்வாதத்தோடை முறைப்படி கடதாசியிலை வந்த சாமான். பண்ணையிலையிருந்து ஊர்ந்து ஆத்துக்குள்ளை இறங்கேக்கைதான் கடதாசி நனைஞ்சுபோச்சு. அதுக்குச் சில வருசம் பொறுத்து, கொப்பர் மொஸ்கோ போய், கிழக்கு பெர்லினிலை இறங்கி, ரெயினேறி மேற்குக்கு வந்து, பேந்து எப்பிடியோ லண்டன் போய்ச் சேர்ந்தார். பொக்கற்றிலை ஒரு துண்டுக் கடதாசியில்லை. பார், றால் கடதாசியோடை வந்தது, கொப்பர் கடதாசியில்லாமல் வந்தவர். இப்ப கொப்பரின்ரை மோன் அந்த றாலைப் பிடிக்கக் கடதாசி கேட்டு நிக்கிறான். ‘அந்நிய ஆக்கிரமிப்பு இனம்’ எண்டு றாலுக்குப் பேர் வைச்சிருக்கினம். அந்தப் பேரை உங்கடை றோட்டிலை வேறை ஆருக்கும் சொல்லக் கேட்டிருப்பாய். அதாலை அதை வாயிலை எடுக்கேக்கை கொஞ்சம் மெல்லமாச் சொல்லு.

கொப்பர் இறங்கின பெர்லினிலையும் இதே கூத்து. 2017 ஆவணியிலை மழை விட்டாப்போலை, பூங்காக் குளத்திலையிருந்து சிவத்த றாலுகள் எழும்பி றோட்டிலை நடந்து திரிஞ்சதாம். அதுவும் அமெரிக்கன், ஆரோ தொட்டியிலை வளர்த்து விட்டதாயிருக்கும். அடுத்த வருசம் நகர நிருவாகம் ஒரு மீன்பிடிகாரருக்கு லைசன்ஸ் குடுத்துப் பிடிச்சு விக்க விட்டது. விட்டவனுக்கு லைசன்ஸ் இருந்ததோ எண்டு ஆரும் கேக்கேல்லை. எங்கையும் இதுதான் கணக்கு. கொண்டுவந்து கொட்டேக்கை ஒருத்தனும் மறிக்கான். அள்ளப் போகேக்கைதான் கடதாசி கேப்பினம். நான் அள்ளுறவனிட்டைக் கேக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை, நீர்நாயின்ரை கதை சொன்னன்தானே. கொட்டுறவனிட்டை அதிலை அரைவாசியாவது கேட்டிருக்கலாம்.

எங்கடை பக்கம் திறமோ? இரணைமடுக் குளத்திலை நீ ஆசையாத் திண்ட யப்பான் மீன் யப்பான் இல்லை, ஆபிரிக்கா. 1952இலை சனத்துக்குப் புரதம் வேணுமெண்டு கவுண்மென்றே விட்டது. சும்மா சொல்லக்கூடாது, அது எத்தினை வீட்டிலை உலை வைச்ச மீன். அதை நான் திட்டமாட்டன், பொரிச்சால் இன்னும் மாட்டன். ஆகாயத்தாமரைக்குச் சிங்களத்திலை யப்பான் ஜபர எண்டு பேர். அதுவும் யப்பான் இல்லை, தென்னமெரிக்கா. வடிவான பூ எண்டு நூறு வருசத்துக்கு முந்திக் கொண்டுவந்து, நாலைஞ்சு வருசத்துக்குள்ளையே, 1909இலை, அதை ஒழிக்கவெண்டு தனிச் சட்டம் போட்டாங்கள். சட்டம் இப்ப எந்த அலுமாரிக்குள்ளை கிடக்குதோ, பூ மட்டும் எங்கடை பாலத்துக்குக் கீழை இண்டைக்குக் காலமையும் பூத்துக் கிடந்தது. பாவம் யப்பான்காரன், அவன் செய்யாத எல்லாத்துக்கும் அவன்ரை பேர்.

2025இலை தெதுரு ஓயாக் குளத்திலை இன்னொரு புதினம். வெளிநாட்டு விரால் ஒண்டு பெருத்துப்போச்சு. எங்கடை விரால் ஒரு கிலோ வந்தால் ஊர் கூடிப் பாக்கும், இது ஏழு கிலோ வரையிலை. மற்ற மீன், குஞ்சு எல்லாத்தையும் விழுங்குது எண்டு ஊர் மீன்பிடிகாரர் ஒரே முறைப்பாடு. கவுண்மென்ற் என்ன செய்தது? தூண்டில் போட்டி வைச்சது. ஆக்கள் வந்து தூண்டில் போட்டுட்டுப் போச்சினம். விரால் இப்பவும் அங்கைதான். அதுவும் ஆற்றையோ வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலையிருந்து வந்ததாயிருக்கவேணும் எண்டுதான் கதை.

இப்ப உன்ரை மெசேஜின்ரை கடைசித் துண்டுக்கு வாறன். நீ சிரிச்சுச் சிரிச்சு விழுங்கிச் சொன்னாலும் மாமி பிடிச்சிட்டா. ‘மாமா, லீவுக்கு வரேக்கை ரெண்டை உயிரோடை கொண்டுவாறன், உங்கடை கால்வாயிலை விட்டுப் பாப்பமே?’ எண்டாய். மோனை, நீ பகிடிக்குத்தான் சொல்லியிருப்பாய். வேலியிலை போறதை வேட்டிக்குள்ளை விடுறதும் முதல்லை பகிடியாத்தான் தொடங்கும். எங்கடை ஆறு குளத்திலை உந்தச் சாதி ஒருநாளும் பிறந்ததில்லை. எங்களுக்கு நன்னீர் நண்டு இருக்கு, ஐம்பது சாதிக்கு மேலை, கிட்டத்தட்ட எல்லாம் இந்தத் தீவை விட்டால் உலகத்திலை வேறை எங்கையும் இல்லாதது. மலைநாட்டு ஓடைக் கல்லுக்குக் கீழை அதுபாட்டுக்கு இருக்குது. அதுக்கு லண்டனிலையிருந்து விருந்தாள் வேண்டாம். நீ மட்டும் வா. சொக்லேற் கொண்டு வா.

இனி இரை. மீன் தலை காணும், சின்ன மீனெண்டால் முழுசா. கூட்டுக்குள்ளை உதிரியா விடாதை, சின்னப் பையிலை போட்டுக் கட்டு, இல்லாட்டி ஒரு ராவிலை திண்டு முடிச்சுப்போட்டு மற்றதுகள் வராது. கரையோரம், வேர் கல்லு இருக்கிற பக்கம், பொழுதுபட வை. வெய்யிலிலை வளையை விட்டு வராதுகள். சமைக்கிறதை மாமி சொல்லச் சொன்னவ: யாழ்ப்பாணத்துத் தூள், பால் ரெண்டாவதாத்தான், இறக்கேக்கை முருங்கையிலை ஒரு பிடி, நண்டுக் கறிக்குப் போடுற மாதிரி. முருங்கையிலை இல்லையெண்டால் அந்தக் கறியைத் தன்னட்டைக் காட்டவேண்டாமாம். பெரிசா எதிர்பாக்காதை. தலையும் ஓடும்தான் முக்கால்வாசி, சதை வாலுக்குள்ளை ஒரு விரல் மொத்தம். அகதிக் காசிலை சிங்கிறால் வேண்டித் திண்ட கொப்பருக்கு இது பத்தாது.

இதோடை நிப்பாட்டியிருப்பன். ஆனால் நேற்றுப் பின்னேரம் ஒரு சம்பவம் நடந்துபோச்சு, ஆருக்கும் சொல்லாதை.

கொட்டாஞ்சேனையிலை எனக்கொரு கூட்டாளி இருக்கிறார், சிவன் கோயில்ப் பக்கம். நாலு மணிபோலை ஓட்டோவிலை வந்து இறங்கினார். கையிலை ஈரச்சாக்குச் சுத்தின ஒரு வாளி. பிளாஸ்க்கிலை தேத்தண்ணியும் கொண்டந்திருக்கிறார், அப்பவே எனக்கு ஐமிச்சம். குந்தினார். பேரப்பிள்ளையின்ரை படிப்பைப் பற்றிக் கதைச்சார். விலைவாசியைப் பற்றிக் கதைச்சார். பேந்து மெல்லமா, ‘அண்ணை, உங்கடை பக்கம் கால்வாய் கிட்டத்தானே?’ எண்டார்.

சாக்கை எடுத்துப் பாத்தன். முழங்கை நீளம். கறுப்பு. தகரம் அடிச்ச உடம்பு. கொட்டாஞ்சேனையிலையிருந்து வெள்ளவத்தைமட்டும் அந்த வெக்கையுக்குள்ளை, ஒரு சொட்டுத் தண்ணியிலை வந்து, வாளியின்ரை அடியிலை ஒட்டிக்கொண்டு என்னைப் பாக்குது. உந்தச் சாதி தண்ணியில்லாமல் மணித்தியாலக் கணக்கிலை தாக்குப்பிடிக்கும். பேரன் அழுகிறானாம், கொல்ல மனமில்லையாம், ஓடுற தண்ணியிலை விட்டால் புண்ணியமாம்.

நான் அவருக்கு 1952 சொன்னன், 1909 சொன்னன், தெதுரு ஓயா சொன்னன். எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினார். பேந்து, ‘அப்ப நீங்களே வைச்சிருங்கோ அண்ணை, உங்களுக்குத்தானே உது எல்லாம் தெரியுது’ எண்டு சொல்லிப்போட்டு, வாளியையும் பிளாஸ்க்கையும் விட்டிட்டு ஓட்டோவிலை ஏறிப்போட்டார்.

இப்ப அது எங்கடை குளியலறைத் தொட்டிக்குள்ளை. மாமி நேற்று ராத்திரியிலையிருந்து என்னோடை கதைக்கேல்லை, குளிக்கவும் இல்லை. கால்வாயிலை விட ஏலாது, கொல்லக் கை வரேல்லை, கந்தோருக்குப் போனால் அந்தப் பெடியன் ‘தொட்டிக்குள்ளையோ, வெளியிலையோ?’ எண்டு கேப்பான். தொட்டிக்குள்ளைதான் எண்டால் மேல் மாடி. முழங்கால் ஏலாது.

நீ உந்தப் போமை இறக்கினால் எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு. ‘ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது’ எண்டு ஒரு பெட்டி இருக்குதோ எண்டு பாக்கவேணும்.

மாமா